வேகம் தணிந்தது, ரசிகர்கள் பெருகினார்கள்

த்ராஷ் மெட்டல் என்றால் புயல்வேக டிரம்ஸ், அனல் பறக்கும் கிதார். அதன் முன்னோடிகளில் ஒன்று அமெரிக்காவின் மெட்டாலிகா குழு. 1988-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் 9 நிமிடம் தாண்டும் பாடல்கள்கூட உண்டு; ஒரே பாட்டுக்குள் தாளம் பலமுறை மாறும்.

1991-இல் வந்த ஆல்பத்தில் தயாரிப்பாளர் பாப் ராக்குடன் சேர்ந்து பாதையை மாற்றினார்கள். வேகம் தணிந்தது, பாடல்கள் சுருங்கின, பேஸ் கிதார் தெளிவாக ஒலித்தது. 'என்டர் சாண்ட்மேன்' பாடலுக்குக் குழுவின் கிதார் கலைஞர் கிர்க் ஹாமெட் ஒரு கிதார் மெட்டு அமைத்தார். அதன் முதல் பகுதியையே திரும்பத் திரும்ப வாசிக்கலாம் என்றார் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச். ஒருமுறை கேட்டாலே மனதில் பதிந்துவிடும் வடிவம் அப்படித்தான் கிடைத்தது. 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாடலில் ஆர்கெஸ்ட்ரா இசையும் சேர்ந்தது.

பழைய ரசிகர்கள் சிலர் வருந்தினார்கள். ஆனால் அந்தக் கறுப்பு அட்டை ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. 2011 அக்டோபர் 30 அன்று நம் பெங்களூருவிலும் மெட்டாலிகா மேடையேறியது. கடினமானதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எளிமையைத் தேர்ந்தெடுப்பது பெரிய துணிச்சல். 'என்டர் சாண்ட்மேன்' பாடலின் முதல் ஒரு நிமிடத்தைக் கேளுங்கள், உங்களுக்கே புரியும்!