திராட்சை மாதத்தில் பர்கண்டி

1793-ல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் தேவாலய வாசம் வீசிய பழைய காலண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். குடியரசு பிறந்த 1792 செப்டம்பர் 22 அதன் முதலாம் ஆண்டின் முதல் நாள். முதல் மாதத்துக்குத் திராட்சை அறுவடையின் பெயர். புனிதர்களின் பெயர் இருந்த இடத்தில் நாளுக்கொரு விளைபொருள்: முதல் நாள் திராட்சை, அடுத்த நாள் குங்குமப்பூ, மூன்றாம் நாள் செஸ்ட்நட். 1806 பிறந்ததும் நெப்போலியன் பழைய காலண்டரையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் செப்டம்பரில் பிரான்ஸின் கிராமப்புறம் போய்ப் பார்த்தவர்கள், ஆண்டைத் தொடங்க நல்ல நாள்தான் பார்த்திருக்கிறார்கள் என்பார்கள்.

இலையுதிர்காலம் என்றதும் சிவந்த இலைகளை எதிர்பார்த்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான். அதற்கு அக்டோபர் பாதியாவது ஆக வேண்டும். செப்டம்பரில் மரங்கள் பச்சையாகவே நிற்கும். காலையில் மூடுபனி, நடுப்பகலில் அரைக்கைச் சட்டைக்கான வெயில், பொழுது சாய்ந்தால் ஸ்வெட்டர். பள்ளிகள் திறந்துவிடுவதால் கோடைக் கூட்டம் கலைந்திருக்கும். ஊரில் இருப்பவர்கள் வேலையில் இருப்பார்கள். அந்த வேலையை வேடிக்கை பார்ப்பதும் அதில் விளைந்ததைச் சாப்பிடுவதும்தான் இந்தப் பருவத்தின் சுகம்.

அதற்கு பர்கண்டிதான் சரியான இடம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் திஜோன். அங்கிருந்து தெற்கே, போன் என்ற சிறுநகரத்தைத் தாண்டியும், சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு தாழ்ந்த குன்றுச்சரிவு. சரிவு முழுக்கத் திராட்சை. தூரத்திலிருந்து ஒரே தோட்டம் போலத் தெரிந்தாலும், தனிப் பெயரும் தனி எல்லையும் கொண்ட 1,247 துண்டு நிலங்கள் இதில் இருக்கின்றன. வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கத்து ஒயினுக்கும் அந்தப் பக்கத்து ஒயினுக்கும் விலை பல மடங்கு மாறும். 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த வரப்புக் கணக்கைத்தான்.

போனிலிருந்து தெற்கே தோட்டங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை போகிறது. அறுவடை நாட்களில் இரு பக்கமும் குனிந்த முதுகுகள். வெட்டுகிறவர் கையில் சிறு கத்தரி, காலடியில் வாளி. வாளி நிறைந்ததும் முதுகில் கூடை மாட்டிய ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு டிராக்டரைப் பார்த்து நடப்பார். குலைகள் முழங்கால் உயரத்தில் தொங்குவதால் நாள் முழுக்க நிமிர வழியில்லை. இதை ரம்மியமான காட்சி என்று வர்ணிக்கிறவர்கள் ஒரு மணி நேரம் வெட்டிவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும். கடைசி வரிசை முடிந்ததும் தோட்டக்காரர் செலவில் விருந்து. ஒயினில் வெந்த மாட்டிறைச்சி, நாற்றத்துக்குப் பேர்போன எப்வாஸ் சீஸ், பாட்டுச் சத்தம்.

வொல்னே, மர்சோ போன்ற கிராமங்களின் தெருவிலேயே புளிக்கும் சாற்றின் வாசம் ஏறும். நொதிக்கும் தொட்டிகளிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு தாழ்வான இடத்தில் தேங்கினால் உயிருக்கே ஆபத்து; முற்காலத்தில் மெழுகுவத்தி அணைகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே இறங்குவார்கள். இந்த வாரங்களில் சின்னத் தோட்டக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, ஒயின் ருசி பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். களத்தில் நெல் அடிக்கும் நாளில் மிராசுதாரைத் திண்ணைப் பேச்சுக்கு அழைப்பது மாதிரி.

எப்போது போவது என்பதுதான் இப்போது சிக்கல். போன் வட்டாரத்தில் அறுவடை தொடங்கிய தேதிகளை 1354 முதல் திரட்டி, 2019-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நூற்றாண்டுக் கணக்கில் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டியே இருந்த சராசரி, 1988-க்குப் பிறகு 13 நாள் முன்னால் வந்துவிட்டது. சுட்டெரித்த 2003-ல் ஆகஸ்டிலேயே கத்தரி எடுத்தார்கள். புரட்சிக்காரர்களின் திராட்சை மாதம் பிறக்கும்போது தோட்டம் காலியாகிவிடும் ஆண்டுகள் கூடிக்கொண்டே வருகின்றன. அறுவடையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் செப்டம்பர் முதல் பாதியைக் குறிவையுங்கள்.

தாமதமாகிவிட்டால் காடு இருக்கிறது. நல்ல மழைக்குப் பின் சில நாட்களில் செப் என்கிற தடித்த தண்டுக் காளான் தலைகாட்டும். அரசுக் காடுகளில் வீட்டுத் தேவைக்கு ஆளுக்கு 5 லிட்டர் அளவு வரை பொதுவாக விட்டுவிடுகிறார்கள். தனியார் காட்டில் உரிமையாளரைக் கேட்டாக வேண்டும். எது விஷம் என்று சந்தேகமா? கூடையோடு மருந்துக்கடைக்குப் போகலாம். காளான் இனம் காண்பது அங்கே மருந்தாளர் படிப்பிலேயே உண்டு. செப்டம்பர் நடுவிலிருந்து ஆண் மான்கள் துணை தேடிக் கத்தும் பருவம். திஜோனுக்கு வடக்கே, 2019-ல் அறிவிக்கப்பட்ட காடுகள் தேசியப் பூங்காவில் அந்த உறுமலைக் கேட்கவே மக்கள் அந்தி நேரத்தில் போய்க் காத்திருக்கிறார்கள். வேட்டைப் பருவமும் இதே சமயத்தில்தான் தொடங்குகிறது என்பதால், நடக்கப் போகிறவர்கள் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டு விஷயத்தில் கடிகாரம் முக்கியம். பகல் இரண்டு மணிக்கு மேல் கிராமத்து உணவகத்தில் அடுப்பு அணைந்துவிடும். சைவர்களுக்குப் பிரெஞ்சு கிராமம் சுலபமான ஊரல்ல. ஆனால் இந்த மாதத்தில் சந்தைக்குப் போய்விட்டால் அத்தி, திராட்சை, புது வால்நட், சீஸ், ரொட்டி என்று மதியச் சாப்பாட்டை ஒப்பேற்றிவிடலாம். வெளியில் உட்கார்ந்தால் அத்திப்பழத்துக்குக் குளவிகள் முதல் பங்கு கேட்கும்.

இன்னும் கிழக்கே அல்சாஸ் வரை போக நேரமிருந்தால், பாதி நொதித்த புதுச்சாற்றைத் தேடுங்கள். கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் சுர்ரென்று இருக்கும். வால்நட்டும் வெங்காய டார்ட்டும் அதற்குத் துணை. பாட்டிலுக்குள் நொதித்தல் நடந்துகொண்டே இருப்பதால் மூடியை இறுக்க முடியாது. நிமிர்த்தியே வைக்கச் சொல்லித்தான் கடையில் கொடுப்பார்கள். வளைந்து வளைந்து போகும் அல்சாஸின் மலையடிவாரச் சாலையில், காரில் ஒருவருக்கு அது முழுநேர வேலை.