டியூரரின் தாய் (ஓவியம்)

'கலைஞரின் தாய்' என்பது செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) 1514-ஆம் ஆண்டில் கரித்துண்டால் தாளில் வரைந்த உருவப்படம் ஆகும். இதில் இருப்பவர் அவருடைய தாய் பார்பரா. ஏறத்தாழ 42 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட இப்படம், பெர்லின் அரசு அருங்காட்சியகங்களின் அச்சோவியப் பிரிவில் உள்ளது.

குடும்பப் பின்னணி

பார்பரா நியூரம்பெர்க் நகரப் பொற்கொல்லர் ஒருவரின் மகள். 1467-இல், தம் 15-ஆம் அகவையில், அங்கேரியிலிருந்து வந்த மற்றொரு பொற்கொல்லரை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த 18 குழந்தைகளில் மூவர் மட்டுமே வளர்ந்து ஆளாயினர். கணவர் 1502-இல் இறந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்பரா மகனின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். டியூரர் வெனிசில் தங்கியிருந்தபோது, அவருடைய அச்சுப்படங்களை நியூரம்பெர்க்கில் விற்பதில் உதவினார்.

தாயின் நோய்

தாயின் இறுதிக் காலத்தை டியூரர் தம் நினைவுக் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளார். 1513 ஏப்ரலில் ஒருநாள் காலை பார்பரா திடீரென நோயுற்றார். எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாததால், வீட்டார் அதை உடைத்து உள்ளே சென்றனர். அதன்பின் ஓராண்டுக்கு மேல் நோயுடன் வாழ்ந்தார்.

ஓவியத்தின் தன்மை

தலையைத் துணியால் மூடிய முதியவளாகப் பார்பரா காட்சியளிக்கிறார். நெற்றியில் சுருக்கங்கள், ஒட்டிய கன்னங்கள், இறுக மூடிய உதடுகள், துருத்திய கழுத்தெலும்புகள் ஆகியவற்றை டியூரர் மறைக்கவில்லை; அழகுபடுத்தவும் இல்லை. கண்கள் பிதுங்கி, பார்ப்பவரைத் தவிர்த்து வேறெங்கோ நோக்குகின்றன. விலைக்கு வரையும் படங்களில் இத்தகைய வெளிப்படைத்தன்மை அக்காலத்தில் அரிது. இது தனக்காகவே மகன் வரைந்த படம்.

இரண்டு குறிப்புகள்

படத்தின் மேற்பகுதியில் டியூரர் கரித்துண்டாலேயே நாளை எழுதியுள்ளார்: 1514-இன் தவக்கால ஞாயிறு ஒன்று, அதாவது மார்ச் 19. இது தம் தாய் என்றும், அவருக்கு வயது 63 என்றும் அதில் குறித்துள்ளார். இரண்டு மாதங்களுக்குள், மே மாத நடுவில், பார்பரா இறந்தார். அதன்பின் டியூரர் அதே தாளை எடுத்து, அவர் இறந்த நாளையும் நேரத்தையும் மையால் சேர்த்து எழுதினார். இவ்வாறு, உயிரோடிருந்தவரின் படமாகத் தொடங்கியது நினைவுப் படமாகவும் ஆயிற்று.

இறந்த பின் தாயின் முகம், வாழ்ந்த காலத்தைவிட இனிமையாகத் தோன்றியதாகவும் டியூரர் எழுதியுள்ளார். அந்த முகத்தை அவர் இத்தாளில் வரையவில்லை. நோயோடு போராடிய முகமே இதில் நிலைத்துள்ளது.