கதாநாயகனுக்கும் வலிக்கட்டுமே!

"ஏம்மா, இந்த வயசிலே உனக்குச் சண்டைப் படமா?" என்று என் பிள்ளை கேலி செய்வான். எங்கள் வீட்டில் அவருக்குப் பழைய பாட்டுப் படம், எனக்குச் சாகசப் படம். குழம்பு கொதிக்கும்போதே கரண்டியும் கையுமாய்க் கூடத்துக்கு ஓடி வந்து எட்டிப் பார்க்கிற ரகம் நான்!

அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இதெல்லாம் நடக்கிற காரியமா?"

நடக்கிற காரியத்தைப் பார்க்க ரேஷன் கடை க்யூ போதாதா? நடக்காததைப் பார்க்கத்தானே படம்! ஆனாலும் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. கதாநாயகன் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அடிபட்டால் வலிக்க வேண்டும், ஆபத்து வந்தால் பயப்பட வேண்டும்.

1981-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தையே பாருங்களேன். ஹாரிசன் ஃபோர்டு, இந்தியானா ஜோன்ஸ் என்ற புதைபொருள் ஆராய்ச்சிப் பேராசிரியராக வருகிறார். ஆரம்பத்திலேயே குகைக்குள் ஒரு ராட்சத உருண்டைப் பாறை அவரைத் துரத்தும். பாறை என்னவோ ஃபைபர் கிளாஸில் செய்ததுதான். ஆனால் முன்னால் விழுந்தடித்து ஓடுவது டூப் இல்லை, ஃபோர்டேதான். அதனால்தான் நம் நெஞ்சும் அடித்துக்கொள்கிறது.

இத்தனை தைரியசாலிக்குப் பாம்பென்றால் நடுக்கம்! பாம்புக் குழியில் நெளிகிறவற்றில் பல, காலில்லாத பல்லி வகையாம். படமெடுக்கும் நாகத்துக்கும் நடிகருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. இதெல்லாம் பிள்ளை படித்துச் சொன்னது. தெரிந்த பிறகும் அந்தக் காட்சியில் நான் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. லாரிச் சண்டையில் உதைபட்டு, ரோட்டில் இழுபட்டு, அந்த மனிதர் கப்பலில் வந்து விழுகிறார். காதலி மரியான் காயத்தைத் துடைக்கப் போனால், தொட்ட இடமெல்லாம் 'ஆ, ஊ' என்று கத்தல். ஜுரத்தில் படுத்த ஆண்பிள்ளைக்குப் பணிவிடை செய்த எந்தப் பெண்ணும் இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மாட்டாள்!

இதே பேராசிரியர்தான் 2008-ல் வந்த நாலாவது படத்தில் ஒரு ஃபிரிஜ்ஜுக்குள் புகுந்துகொள்கிறார். கதை நடப்பது 1957-ல், அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில். அணுகுண்டு சோதனை. ஃபிரிஜ் வானத்தில் பறந்து, தரையில் உருண்டு, நிற்கிறது. கதவு திறந்து வெளியே விழுகிறவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்கிறார்! ரசிகர்கள் இதைப் பரிகாசம் பண்ணியே ஓய்ந்தார்கள். எனக்குக் கோபம் குண்டு பற்றியல்ல, கதவு பற்றி.

எனக்கு எட்டு வயசிருக்கும். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஓடாத பழைய ஃபிரிஜ் ஒன்று கிடந்தது. வெளியே பெரிய கைப்பிடி. இழுத்தால்தான் தாழ் விடும். கண்ணாமூச்சி ஆடும்போது என் தம்பி அதற்குள் ஒளிந்துவிட்டான். கிணறு, தெருக்கோடி என்று எல்லோரும் தேட, அவன் அந்தப் பக்கம் போனதைப் பார்த்த நான்தான் போய்த் திறந்தேன். வேர்த்து நனைந்து, கண் செருகி, அழக்கூடத் தெம்பில்லாமல் குறுகி உட்கார்ந்திருந்தான். அம்மா அன்று ராத்திரி முழுக்க அவனை மடியை விட்டு இறக்கவில்லை.

அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்ததால்தான், உள்ளிருந்தும் திறக்கிற மாதிரி கதவு வைக்கவேண்டும் என்று 1956-ல் சட்டமே போட்டார்கள். இன்றைய ஃபிரிஜ்களில் காந்தப் பட்டைதான். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும். அதற்காகப் பயந்துபோன குழந்தை தள்ளும் என்று நம்பி இருக்க முடியுமா? பழசை மூலையில் போடுகிறவர்கள் முதலில் கதவைக் கழற்றிவிடுங்கள்.

சினிமாக்காரர்களுக்கு இது தெரியாததில்லை. 1985-ல் வந்த 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் காலத்தைக் கடக்கிற இயந்திரமாக முதலில் யோசித்தது ஃபிரிஜ்ஜைத்தானாம். பார்க்கிற பிள்ளைகள் தாங்களும் ஏறி உட்கார்ந்துவிடுமே என்று பயந்து காராக மாற்றினார்கள். படத்தின் ருசி குறைந்ததா என்ன? அந்தப் படத்தைத் தயாரித்தவர்களில் ஸ்பீல்பெர்க்கும் ஒருவர் என்பதுதான் எனக்கு ஆறவில்லை!

இதையெல்லாம் நான் பொரிந்து தள்ளியதும் பிள்ளை ரிமோட்டை எடுத்தான். "அப்போ டி.வி.யை அணைச்சிடவாம்மா?"

"அணைக்காதேடா! இனிமேல்தான் எறும்புச் சண்டை வரும்."