பூ போகவே போகாது, பூச்செண்டு மட்டும் போய்ச் சேரும்! எப்படித் தெரியுமா?

சென்னையில் உட்கார்ந்தபடி காலையில் ஆர்டர் கொடுக்கிறீர்கள். லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக் கதவை அன்று மாலையே ஒருவர் தட்டுகிறார். கையில் ஈரம் காயாத ரோஜாப் பூச்செண்டு! விமானத்துக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரமாயிற்றே, பூ எப்படி அதற்குள் போனது? போகவே இல்லை! போனது நீங்கள் சொன்ன சேதி மட்டும்தான். தங்கையின் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் பூக்கடைக்காரர் தன் கடைப் பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்!

இந்த உத்திக்கு என்ன வயது தெரியுமா? நூறைத் தாண்டிவிட்டது! 1908-லேயே பெர்லின் பூக்கடைக்காரர் மாக்ஸ் ஹூப்னர், ஓர் ஊர்க் கடைக்கு வரும் ஆர்டரை இன்னோர் ஊர்க் கடை நிறைவேற்றித் தரும் சங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். 1927-ல் அது ‘ஃப்ளூரோப்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1910-ல் அமெரிக்காவில் ஒரு டஜனுக்குச் சற்றே கூடுதலான பூக்கடைக்காரர்கள் கூடி, ‘உன் ஊர் ஆர்டரை நான் பார்த்துக்கொள்கிறேன், என் ஊர் ஆர்டரை நீ பார்த்துக்கொள்’ என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆர்டர் எதில் பறந்தது தெரியுமா? தந்தியில்! சாவுச் செய்தி சொல்லும் என்று நம் ஊரில் நடுங்கினோமே, அதே தந்தியில்தான் அங்கே ரோஜா போனது! சங்கத்தின் பெயரே ‘பூக்கடைக்காரர் தந்தி டெலிவரி’. சின்னமாக அவர்கள் பிடித்துக்கொண்டது யாரை? காலில் இறக்கை முளைத்த ரோமானியத் தூதுக் கடவுள் மெர்குரியை!

சரி, சென்னையில் கொடுத்த காசு லண்டன் கடைக்காரருக்கு எப்படிப் போகும்? அங்கேதான் இன்னோர் அதிசயம்! 1946-ல் அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ் சங்கங்கள் மூன்றும் கைகோத்து உலக அளவில் இன்டர்ஃப்ளோரா உருவானது. நாட்டுக்கு நாடு பணம் வேறு, மதிப்பு வேறு. அதனால் பூக்கடைக்காரர்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்க ‘ஃப்ளூரின்’ என்று தனியாக ஒரு பணமே வைத்துக்கொண்டார்கள்! தனக்கென்று தனி நாணயக் கணக்கு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பூக்காரர்கள் எங்கேயோ போய்விட்டார்கள்!

நூறு வருஷமெல்லாம் ஒரு பழமையா என்கிறீர்களா? அப்படியென்றால் 1,800 ஆண்டுக்கு மேல் பின்னால் போவோம். எகிப்து. ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் பழைய குப்பைமேட்டைத் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று என்ன தெரியுமா? பூ டெலிவரிக் கடிதம்! கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அப்பொல்லோனியஸ், சராப்பியாஸ் என்ற இருவர் தியோனிசியா என்ற அம்மாளுக்கு எழுதியது. கல்யாண வீட்டுக்கு அந்த அம்மாள் பூ கேட்டிருக்கிறார். ரோஜா இன்னும் சரியாகப் பூக்கவில்லை, ஏகத் தட்டுப்பாடு. தோட்டம் தோட்டமாக அலைந்து, மாலை கட்டுபவர்களையெல்லாம் கெஞ்சி, நாளைக்குப் பறிக்க வேண்டியதை இன்றைக்கே பறித்து, எப்படியோ 1,000 ரோஜா தேற்றிவிட்டார்கள். ரோஜா குறைந்ததே, என்ன செய்வது? நார்சிஸஸ் பூ 2,000 கேட்டிருந்தார் அல்லவா, 4,000 அனுப்பிவிட்டார்கள்! ‘ஸ்டாக் இல்லைங்க, அதுக்குப் பதிலா இது போட்டுத் தரட்டுமா?’ என்று இன்றைய கடைக்காரர் போனில் கேட்கிறாரே, அதே கதை அப்போதே நடந்திருக்கிறது!

இன்னும் இருக்கிறது. கொண்டுபோன ஆளின் பெயர்கூடக் கடிதத்தில் பதிவாகியிருக்கிறது: சராப்பாஸ்! பெயர் தெரிந்த பூ டெலிவரிக்காரர்களில் இவ்வளவு மூத்தவர் இன்னொருவர் இருப்பாரா? கூடவே ஒரு செல்லக் கோபமும் உண்டு. பூவுக்குப் பணம் அனுப்பியதாகத் தியோனிசியா எழுதிவிட்டார் போலிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் எங்களுக்கும் பிள்ளைகள் மாதிரிதானே, பணத்தைப் பற்றிப் பேசலாமா என்று இவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்! நம் கல்யாண வீட்டுச் சீர் விவகாரமேதான்! ஆட்கள்தான் எகிப்துக்காரர்கள்.

இப்போது முதல் அதிசயத்தையே தலைகீழாகப் புரட்டுவோமா? அடுத்த தெருக் கடையில் பூச்செண்டு கட்டினார்கள், சரி. அந்தக் கடைக்கு ரோஜா எங்கிருந்து வந்தது? அடுத்த கண்டத்திலிருந்து! ஐரோப்பிய நாடுகளில் விற்கும் ரோஜாக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கென்யாவில் பூத்தது! நைவாஷா ஏரிக்கரைப் பண்ணையில் பறித்து, நைரோபியில் விமானம் ஏற்றி, ஆம்ஸ்டர்டாமில் இறக்குகிறார்கள். ‘உள்ளூர் டெலிவரி’ என்ற பெயருக்குப் பின்னால் ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்!

இறங்கிய பூ அடுத்து எங்கே போகும்? நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் ஏல மையத்துக்கு! அது எவ்வளவு பெரிய கட்டடம் தெரியுமா? 5 லட்சம் சதுர மீட்டருக்கும் மேல். நம் கணக்கில் ஏறத்தாழ 128 ஏக்கர், அத்தனையும் கூரைக்கு அடியில்! ஒரு நாளைக்குக் கைமாறும் பூக்கள் சுமார் 2 கோடி! நம் சந்தையில் ஏலம் கூறினால் விலை ஏறும். அங்கே கடிகாரம் போன்ற கருவியில் விலை உச்சியில் தொடங்கிச் சரசரவென்று இறங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. அவசரப்பட்டால் காசு கூடுதல், கொஞ்சம் பொறுத்தால் சரக்கு அடுத்தவர் கையில்! ஒவ்வொரு பேரமும் சில நொடியில் முடிந்துவிடும். இந்த இறங்குவிலை ஏலம் நெதர்லாந்தின் காய்கறிச் சந்தையில் எதற்காகத் தொடங்கியது தெரியுமா? 1887-ல், காலிஃபிளவர் விற்க!

ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தால் ஆப்பிரிக்காவில் ரோஜா அழுகுமா? அழுகியது! 2010 ஏப்ரலில் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் என்ற, வாயில் நுழையாத எரிமலை சாம்பலைக் கக்கியது. ஐரோப்பிய விமானங்கள் நாள்கணக்கில் தரையில் கிடந்தன. பறித்த பூவை ஏற்ற வழியில்லாமல் கென்யப் பண்ணைகள் டன் கணக்கில் குப்பையில் கொட்டின!

விமானம் வேண்டாம், கப்பலில் அனுப்பலாமே என்கிறீர்களா? அனுப்புகிறார்கள்! மொம்பாசா துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மாதப் பயணம். குளிர்ப்பெட்டிக்குள் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றே மேலே வைத்தால் ரோஜா தூங்கிவிடும். மூச்சு மெதுவாகும், மலர்வது நிற்கும். ஒரு மாதத்துக்கு முன் பறித்த பூ, இன்று காலை பறித்ததுபோல் மேஜையில் விரியும்! ஆனால் ஆந்தூரியத்தை அதே குளிரில் வைத்துப் பாருங்கள், கறுத்துப் போய்விடும். வெப்பநாட்டுப் பூவாயிற்றே, அதற்குப் பத்து டிகிரிக்கு மேல் வேண்டும்!

அட, கென்யா வரை எதற்கு? ஓசூருக்கு வாருங்கள்! பிப்ரவரி 14-க்கு வெளிநாடுகளில் நீட்டப்படும் ரோஜாக்களில் ஓசூர் ரோஜாவும் உண்டு, தெரியுமா? சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, ஐரோப்பா என்று பெட்டி பெட்டியாகப் பறக்கிறது. சிவப்பு ‘தாஜ்மஹால்’ ரகத்துக்கு அங்கே பெரிய மவுசு! காதலர் தினத்துக்கு ஓசூர் விவசாயி எப்போது தயாராகிறார் தெரியுமா? டிசம்பரிலேயே! கணக்குப் பார்த்துக் கவாத்து பண்ணினால்தான் பிப்ரவரி முதல் வாரம் மொட்டு வரும். ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடும். மொட்டு சீக்கிரம் விரியாமல் பெரிதாக வளர ஒவ்வொன்றுக்கும் வலைக் குல்லாய் மாட்டுகிறார்கள்! பசுமைக்குடிலுக்குள் எட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாகக் குல்லாய் போட்ட ரோஜாக்கள்!

அமெரிக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் வெட்டுப் பூக்களில் சுமார் 90 சதவீதம் ஒரே ஒரு விமான நிலையத்தில் இறங்குகிறது. எது? மயாமி! கொலம்பியாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் வரும் பூக்கட்டை அங்கே அதிகாரிகள் தலைகீழாகப் பிடித்து மேஜையில் தட்டுவார்கள். எதற்கு? ஒளிந்திருக்கும் பூச்சி விழுகிறதா என்று பார்க்கத்தான்! பாஸ்போர்ட் இல்லாத பேன்பூச்சி ஒன்று விழுந்தால் போதும், மொத்தச் சரக்குக்கும் சிக்கல்.

ஈக்வடார் ரோஜாவின் காம்பு ஏன் கோல் மாதிரி நேராக நிற்கிறது? பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. சூரியன் உச்சந்தலைக்கு மேல்! சாயத் தேவையில்லை, நேரே ஏறுகிறது. ஒரு மீட்டரைத் தாண்டும் காம்புகளும் உண்டு!

ஒரே முகவரிக்கு 20 வருஷம் பூ அனுப்பியவரைத் தெரியுமா? பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ! முன்னாள் மனைவி மர்லின் மன்றோ 1962-ல் இறந்ததும் ஹாலிவுட் பூக்கடை ஒன்றில் ஆர்டர் கொடுத்தார். வாரத்துக்கு மூன்று முறை, அரை டஜன் சிவப்பு ரோஜா, மன்றோவின் கல்லறைக்கு. பெருக்கிப் பாருங்கள், 18,000 ரோஜாவுக்கு மேல்!

அதையும் மிஞ்சியவர் நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி! 1974 டிசம்பரில் அவர் இறந்தார். மறுநாளிலிருந்து மனைவி மேரி லிவிங்ஸ்டன் வீட்டுக்கு நீளக் காம்பு ரோஜா ஒன்று வரத் தொடங்கியது. தினமும்! பூக்கடைக்கு விசாரித்தால், அந்த அம்மாள் உயிரோடு இருக்கும்வரை நாளுக்கொரு ரோஜா அனுப்ப வேண்டும் என்று மனிதர் ஏற்பாடு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1983-ல் மேரி இறக்கும்வரை, 3,000 நாளுக்கு மேல்! எட்டரை வருஷம் தவறாமல் வந்து மணி அடித்த அந்தக் கடைக்குத்தான் நான் முதல் கைத்தட்டல் தருவேன்.

பூவுக்காகப் பணத்தை அள்ளி வீசியவர் யார்? பாடகர் எல்டன் ஜான்! 1996 ஜனவரியிலிருந்து 20 மாதத்தில் பூச் செலவு மட்டும் 2,93,000 பவுண்டு! லண்டன் நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு இது. நாளுக்கு 480 பவுண்டு!

இவர்களுக்கெல்லாம் முன்னோடி நம் தெருவிலேயே இருக்கிறாரே! தினமும் காலையில் இலையில் மடித்த பூவை வாசல் கம்பியில் சொருகிவிட்டு, மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் பூக்காரம்மாவை மறந்துவிட்டீர்களா? செயலி இல்லை, ரசீது இல்லை. எந்த வீட்டுக்கு எத்தனை முழம், வெள்ளிக்கிழமை யாருக்குக் கூடுதல், எல்லாம் தலைக்குள்ளேயே! ‘சப்ஸ்கிரிப்ஷன் டெலிவரி’ என்று கம்பெனிகள் இப்போது கண்டுபிடித்ததாகச் சொல்வது இதைத்தானே!

மாஸ்கோவில் இருக்கும் தோழிக்கு ஒரு டஜன் ரோஜா அனுப்பலாமா? ஐயையோ, அனுப்பாதீர்கள்! அங்கே இரட்டைப்படையில் பூ கொடுப்பது இறுதிச் சடங்குக்கு! 11 அல்லது 13 என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பிரான்ஸில் சாமந்தி கொடுத்தாலும் முகம் வாடிவிடும். நவம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிக் கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ அது. நம் ஊரில் சாமந்தி சாமிக்கும் போகிறது, மணமேடைக்கும் போகிறது, சாவு வீட்டுக்கும் போகிறது. அதற்கு எந்த வெட்கமும் இல்லை!

நீல ரோஜா ஒன்று கட்டித் தாருங்கள் என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? வெள்ளை ரோஜாவுக்குச் சாயம் ஏற்றித் தருவார்! இயற்கையில் நீல ரோஜா கிடையவே கிடையாது. ஜப்பானின் சன்டோரி கம்பெனி பான்சிப் பூவின் மரபணுவை ரோஜாவுக்குள் புகுத்தி, ‘அப்ளாஸ்’ என்ற ரகத்தை 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஒரு காம்பின் விலை 3,000 யென் வரை! பார்த்தால் என்ன நிறம்? கத்தரிப்பூ நிறம்!

பூச்செண்டுக் கூடைக்கு அடியில் பச்சையாக ஒரு கட்டி இருக்குமே, காம்பைச் சொருகினால் கரகரவென்று இறங்குமே, அது என்ன? பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் ரசாயன நுரை! 1954-ல் அமெரிக்காவில் வெர்னன் ஸ்மிதர்ஸ் கண்டுபிடித்தது. மட்காது, நுண்துகளாக உதிர்ந்து மண்ணிலும் நீரிலும் சேரும். அதனாலேயே பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது! அழகுக்கு அடியில் இவ்வளவு அழுக்கா என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது.

வெட்டிய பிறகும் வளரும் பூ தெரியுமா? ட்யூலிப்! ஜாடியில் வைத்த பிறகும் சில சென்டிமீட்டர் நீண்டு, வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பும்! கிளாடியோலஸ் இன்னும் பிடிவாதக்காரப் பூ. பெட்டியில் படுக்கவைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். அதனால் அதை நிற்கவைத்தே அனுப்புகிறார்கள்! டாஃபடில் இருக்கிறதே, அது விஷமக்காரி. காம்பிலிருந்து வடியும் பிசின் அதே ஜாடியில் இருக்கும் மற்றப் பூக்களைச் சாகடித்துவிடும்!

கடைசியாக ஒரு கேள்வி. பூச்செண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கே வைத்தீர்கள்? சாப்பாட்டு மேஜையில், வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்திலா? போச்சு! பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஆனால் அது பட்டால் கார்னேஷன் இதழ்கள் சுருண்டு மூடிக்கொள்ளும்! கண்டம் கடந்து, ஏலத்தில் தப்பி, அதிகாரியின் தட்டலில் பிழைத்து, ஸ்கூட்டரின் பின்சீட்டில் வந்து சேர்ந்த பூவை நாலு ரஸ்தாளி சாய்த்துவிடும்! எழுந்துபோய்ச் சீப்பை எடுத்து அடுக்களையில் வையுங்கள், முதலில்!