தீவாந்திரம் – 7: கொள்ளுப்பாட்டி திருடிய கவுன்

1788 முதல் 1868 வரை பிரிட்டனும் அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய கைதிகள் சுமார் 1,62,000 பேர். அவர்களுடைய வாரிசுகள் இன்று தங்கள் வம்சத்துக் கைதியை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

முதலில் வீட்டுக் கதையை ஓரம் கட்ட வேண்டும். கைதி வம்சம் என்பது தலைமுறை தலைமுறையாகக் கௌரவக் குறைச்சல். தாத்தா சொந்தக் காசில் கப்பலேறி வந்தவர் என்றே பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். ஆவணங்களுக்கு அந்த வெட்கம் கிடையாது.

தேடல் பின்னோக்கித்தான் போகும். நியூ சவுத் வேல்ஸில் பிறப்பு, இறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1856 மார்ச்சில். இறந்தவர் காலனிக்கு வந்து எத்தனை வருஷமாயிற்று என்பதையும் இறப்புச் சான்றிதழில் எழுதினார்கள். கழித்துப் பார்த்தால் வந்த ஆண்டு கைக்கு வந்துவிடும். அடுத்தது 1828-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு. அதில் பெயருக்கு எதிரே வந்த கப்பல், வந்த ஆண்டு, தண்டனைக் காலம் எல்லாம் இருக்கும். சுதந்திரமாக வந்தவரா, தண்டனையை முடித்தவரா, காலனியிலேயே பிறந்தவரா என்பதற்கு இரண்டெழுத்துக் குறியும் உண்டு. ஜான் ஸ்மித் என்று பத்துப் பேர் இருந்தாலும் கப்பல் பெயர் ஆளைப் பிரித்துக் காட்டிவிடும்; நம் ஊரில் இனிஷியல் செய்கிற வேலை அது. கப்பலின் கைதிப் பட்டியலைப் பிடித்தால் விசாரணை நடந்த ஊரும் தேதியும் கிடைக்கும். லண்டன் வழக்கென்றால் வேலை சுலபம். ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான விசாரணைக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

அப்படிக் கிடைத்தவள்தான் மேரி வேட். லண்டன் தெருக்களைப் பெருக்கியும் பிச்சையெடுத்தும் வயிறு வளர்த்த சிறுமி. பதினான்கு வயது நிரம்பவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த எட்டு வயதுக் குழந்தையைத் தோழியோடு சேர்ந்து கழிப்பறைக்குள் அழைத்துப்போய், உடுத்தியிருந்த பருத்தி கவுன், தோள் துணி, தொப்பி ஆகியவற்றை உருவிக்கொண்டாள். கவுன் அடகுக் கடைக்குப் போனது. தோள் துணி மேரியின் அறையில் அகப்பட்டது. 1789 ஜனவரியில் இருவருக்கும் தூக்குத் தண்டனை.

மார்ச்சில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் சித்தபிரமையிலிருந்து தேறினார். அந்த மகிழ்ச்சியில், தூக்குக்குக் காத்திருந்த பெண்களின் தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. லேடி ஜூலியானா என்ற கப்பலில் ஏற்றப்பட்ட மேரி, 1790 ஜூனில் சிட்னியில் இறங்கினாள். பிறகு நார்ஃபோக் தீவு, ஹாக்ஸ்பரி ஆற்றங்கரை, இல்லவாரா என்று வாழ்க்கை நகர்ந்தது. அவளுக்கு 21 பிள்ளைகள் என்று வாரிசுகள் கணக்குச் சொல்கிறார்கள். 1859-இல் அவள் கண்மூடியபோது உயிரோடிருந்த சந்ததியினர் முந்நூறுக்கும் மேல். அந்த வழியில் வந்த ஒருவர் 2007-இல் ஆஸ்திரேலியப் பிரதமரானார்: கெவின் ரட். அவருடைய இன்னொரு மூதாதையான தாமஸ் ரட், சர்க்கரை திருடிய வழக்கில் வந்தவர். மறைக்க வேண்டிய சங்கதியாக இருந்தது, பிரதமரைப் பற்றிய பத்திரிகைச் செய்தியானது.

மேரியின் காலத்தில் லண்டனில் ஒழுங்காகக் கூலி வேலை பார்த்துச் செத்த ஏழைக்கு மிஞ்சியதெல்லாம் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று தேவாலயப் பதிவேட்டில் சில வரிகள்தான். டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிக்கோ உயரம், கண்ணின் நிறம், அம்மைத் தழும்பு, பச்சை குத்தியது, எந்தத் தேதியில் குடித்துவிட்டு மாட்டினான் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதியது, இன்று வாரிசுகளுக்குப் பாட்டனின் முகத்தையே வரைந்து காட்டுகிறது. ஆனால் எழுதியது காவல்காரன் என்பதை மறக்கக் கூடாது. என்ன திருடினான் என்பதைத் தவறாமல் குறித்த கை, அன்று சாப்பிட்டானா என்று கேட்டுக் குறிக்கவில்லை.

நம் பக்கமும் இந்தக் கதை உண்டு. 1802-இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் சிவகங்கைப் போராளிகள் பலரையும் பினாங்குக்கு நாடுகடத்தியது கிழக்கிந்தியக் கம்பெனி அரசு. 1818-இல் அங்கே துரைசாமியைச் சந்தித்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, முன்பு சின்ன மருதுவிடமே வளரி எறியக் கற்றுக்கொண்டவர். அடுத்த வாரம் அவர் எழுதிவைத்ததைப் பார்ப்போம்.

(தொடரும்)