சீதன வளவு

இலங்கையின் கிழக்கில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குச் சீதனமாக வளவை எழுதுவார்கள், மருமகன் அங்கே குடிவருவார். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் என் அம்மாவுக்கும் அப்படித்தான் கிடைத்தது.

2006 ஏப்ரலில் போரில் குண்டு விழ, சனம் வெளியேறியது. பிறகு உயர் பாதுகாப்பு வலயம், அதற்குள் அனல்மின் நிலையத் திட்டம். இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சம்பூர் வெறும் பெயர். எழுதிக்கொடுக்க வளவில்லை என்றதும் மாப்பிள்ளை வீட்டார் காசு கேட்கத் தொடங்கினார்கள். வழமை முதலில் உடைந்தது அங்கேதான்.

2015இல் 818 ஏக்கர் விடுபட்டது; 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர். வளவு திரும்பியதும் அம்மா அதை உடனே பேத்திக்கு, என் மகளுக்கு, எழுதப் பார்த்தார். தம்பி மறித்தான்.

"அக்கா, முகாமில நானும்தானே கிடந்தன். எனக்குப் பங்கில்லையா?"

நியாயம்தான். நைஜீரியாவின் இக்போ வழமையில் மகளுக்குத் தகப்பன் சொத்து இல்லை. அது செல்லாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்த்தது. எங்கள் வீட்டு வழக்கு தலைகீழ்: இங்கே பங்கு கேட்பவன் மகன்.

மகளோ, "அம்மம்மா, எனக்கு வேலை திருகோணமலையில. சம்பூரில வந்து இருக்கச் சொல்லாதீங்க" என்றாள். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலடியில் போய்க் குந்திவிட்டார், சோறும் வேண்டாமாம்.

கடைசியில் வளவு மகள் பேரில், கிணற்றடித் துண்டு தம்பிக்கு. இப்போது வேலி எங்கே போடுவதென்று தகராறு.