66 அடி என்றால் என்ன செய்தி?

நாளிதழிலிருந்து கத்தரித்த ஒரு துண்டுச் செய்தி. வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியை எட்டியது, முழு நீர்மட்டம் 71 அடி, வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு, கரையோர மக்களுக்கு முதற்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. ஆறாம் வகுப்புப் பையன் எங்கும் தடங்காமல் வாசித்து முடித்தான்.

“இதுல என்னப்பா சொல்லியிருக்காங்க?”

“அணையைப் பத்திக்கா.”

எங்கள் ஊர் அணைக்குப் பக்கம். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை எல்லார் கண்ணிலும் படுகிறது. சரளமாக வாசித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகும் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கவலை.

எதைப் பற்றி என்பது வேறு. அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது வேறு. முன்னதற்கு ஒரு சொல் போதும். பின்னதுதான் மையக்கருத்து, அது முழு வாக்கியமாகத்தான் வரும். பரீட்சையில் ‘பொருத்தமான தலைப்பு தருக’ என்று கேட்டுக் கேட்டு, பிள்ளைகள் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். ‘முதல் வரியைப் பாரு, அதுலயே இருக்கும்’ என்று நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். செய்திக்கு ஓரளவு பொருந்தும். கதைக்குப் பொருந்தவே பொருந்தாது.

அன்று வேறு மாதிரி கேட்டேன். “உங்கம்மா ஆத்துக்குத் துணி துவைக்கக் கெளம்பிட்டாங்க. உன் போன்ல ஒரு சதவீதம்தான் சார்ஜ். என்ன சொல்லுவ?”

அவன் யோசிக்கவே இல்லை. “எம்மா, தண்ணி தொறக்கப் போறாங்க, ஆத்துப் பக்கம் போகாத!”

அந்த வாக்கியம் செய்தியில் எங்குமே இல்லை. வரத்துக் கணக்கைத் தள்ளினான், அடிக்கணக்கையும் எச்சரிக்கையையும் சேர்த்தான், மீதியைத் தானே கட்டினான். அமெரிக்காவில் ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இருவர் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. வேண்டாததை அடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே எழுதுவது சிறு பிள்ளைகளுக்கும் கைவருகிறது. பத்தியில் இல்லாத மைய வாக்கியத்தைச் சொந்தமாக ஆக்குவதுதான் கடைசியில் வருகிற திறன். அது இவனிடம் ஏற்கெனவே இருந்தது. யாருக்குச் சொல்கிறோம், எதற்குச் சொல்கிறோம் என்று தெரிந்ததும் வெளியே வந்தது.

தீபாவளி லீவுக்குத் திருப்பூரிலிருந்து வந்த அவன் சித்தப்பா மகளிடமும் அதே துண்டைக் கொடுத்தேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை. “டேம்ல இன்னும் அஞ்சடி பாக்கி இருக்கு” என்றாள். கணக்கில் பிழையில்லை. ஆனால் 66-க்குப் பிறகு 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கை, 69-இல் மூன்றாவது, அதன்பின் உபரி நீர் ஆற்றில் பாயும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அபாயச் சங்கு ஊதிக் கேட்டவளா அவள்? இன்னும் பத்து முறை வாசிக்கச் சொன்னாலும் அந்தத் தாளிலிருந்து அது கிடைத்திருக்காது.

இருவரையும் அணைக்குக் கூட்டிப் போனேன். மதகைக் காட்டி, சங்கு எப்போதெல்லாம் ஊதும், ஊதினால் கரையில் துவைப்பவர்கள் எப்படித் துணியை அள்ளிக்கொண்டு மேலேறுவார்கள் என்று பையன்தான் அவளுக்குச் சொன்னான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவளே அந்தத் துண்டைக் கேட்டு வாங்கினாள்.

“அக்கா, இது மதுரைல இருக்கிறவங்களுக்கும் சேத்துத்தானே?”